யூ இல்லாத க்யூ

ஆங்கில ஸ்கிராபிள் ஆட்டத்தில் க்யூ, ஐ என்ற இரண்டே எழுத்துகளால் ஆன ஒரு சொல் உண்டு. சீன மொழியிலிருந்து வந்த அது ‘ச்சி’ என்பதற்கு நெருக்கமாக ஒலிக்கும். உடலையும் உலகத்தையும் இயக்குவதாகச் சீன மரபு கருதும் உயிர்ப்பாற்றலுக்கு அதுதான் பெயர். வட அமெரிக்க ஸ்கிராபிள் போட்டிகளின் பதிவுகளில், மற்ற எந்தச் சொல்லையும்விட அதிக முறை பலகையில் வைக்கப்பட்டது இந்தச் சொல்தான். அதை வைக்கும் ஆட்டக்காரர் பெரும்பாலும் மூச்சையோ தத்துவத்தையோ நினைப்பதில்லை. கையில் சிக்கிக்கொண்ட க்யூ என்ற காயை எப்படிக் கழிப்பது என்பதே அவருடைய கவலை. ஆழ்ந்த பொருளுடைய ஒரு சொல், அதன் எழுத்துக்கூட்டலுக்காக மட்டுமே உலகம் முழுதும் விரும்பப்படுவது மொழி வரலாற்றில் அபூர்வமான சங்கதி. அந்த எழுத்துக்கூட்டலும் தானாக அமைந்ததல்ல. ஒரு குழு உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு.

முதலில் பொருள். சீனத்தில் இந்தச் சொல்லின் அடிப்படைப் பொருள் ஆவி, காற்று, மூச்சு. மரபான சீன எழுத்துவடிவத்தின் உள்ளே அரிசியைக் குறிக்கும் உறுப்பு ஒன்று இருக்கிறது. சோறு வேகும்போது எழும் ஆவியை அது காட்டுகிறது என்று பலரும் விளக்கம் சொல்வார்கள். கேட்க நன்றாக இருந்தாலும், கி.பி. 100-ஐ ஒட்டி ஷூ ஷென் தொகுத்த பழைய சீன அகராதி வேறு மாதிரி சொல்கிறது: அரிசியுடன் கூடிய வடிவத்துக்கு, விருந்தாளிக்குத் தானியம் வழங்குதல் என்றே அது பொருள் தருகிறது. ஆவிக்கு அரிசி இல்லாத எளிய வடிவம் தனியே இருந்தது. பின்னாளில் இரண்டும் கலந்தன. இன்று சீனாவில் வழங்கும் எளிமைப்படுத்திய எழுத்தில் அரிசி மறுபடியும் நீங்கிவிட்டது.

அன்றாடச் சீனத்தில் இந்தச் சொல் நுழையாத இடமில்லை. வானிலைக்கு அவர்கள் சொல்வது ‘வானத்தின் ச்சி’. கோபப்படுவதற்கு ‘ச்சி உண்டாவது’. மரியாதையாக, சற்றே கூச்சத்தோடு நடந்துகொள்வது ‘விருந்தாளியின் ச்சி’. பலூன் என்பது ‘ச்சிப் பந்து’. ஆக்சிஜனுக்கு நவீன சீனம் வைத்த பெயரிலும் ச்சி இருக்கிறது. தமிழில் அதே வாயுவைப் பிராணவாயு என்று சொல்வதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். மூச்சுக்கும் உயிருக்கும் ஒரே சொல்லைப் புழங்கிய பழைய நாகரிகங்கள் பல. இந்திய மரபின் பிராணன், கிரேக்கரின் நியூமா, சீனரின் ச்சி மூன்றும் ஒன்றல்ல. ஆனால் மூன்றும் மூச்சிலிருந்து கிளம்பி உயிரைத் தொட்டவை.

தத்துவ நூல்களில் இச்சொல் இன்னும் கனமானது. மனிதப் பிறப்பு என்பது ச்சி திரள்வது, இறப்பு என்பது அது கலைவது என்று தாவோ மரபின் பெரிய நூலான சுவாங்சு சொல்கிறது. நேர்மையான நடத்தையால் ஒருவருக்குள் பெருகும் ஓர் ஆற்றலாக அதை மென்சியஸ் கண்டார். பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜாங் ஜாய் (1020–1077) இருப்பவை எல்லாமே ச்சியின் திரட்சிதான் என்று வாதிட்டார். அவருக்குப் பின் வந்த ஜூ ஷி (1130–1200), பொருள்களின் ஒழுங்கு ஒன்று, அவற்றுக்கு உருக்கொடுக்கும் ச்சி ஒன்று என்று இரண்டாகப் பிரித்துப் பேசினார். மருத்துவத்தில் அது உடலின் பன்னிரண்டு முதன்மைத் தடங்கள் வழியே ஓடுவதாகச் சொல்லப்படுகிறது. அக்குபங்சர் ஊசிகள் குத்தப்படும் புள்ளிகள் அந்தத் தடங்களில்தான் குறிக்கப்பட்டிருக்கின்றன. நவீன உடற்கூறியல் அப்படித் தடம் எதையும் கண்டதில்லை. ச்சி என்பது அளவிடக்கூடிய பொருளும் அல்ல. உடலைப் பற்றி ஒரு பெரும் பண்பாடு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சிந்தித்த முறைக்கு அது பெயர். அப்படிப் புரிந்துகொள்வதே சரி.

ஜப்பானியர் இதே சொல்லைக் ‘கி’ என்று ஒலிப்பார்கள். ஐக்கிடோ, ரெய்கி என்ற பெயர்களில் இருக்கும் ‘கி’ அதுதான். தாய் ச்சி என்ற பயிற்சியின் பெயரில் வரும் ‘ச்சி’யும் இதுவே என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு சொல், வேறு எழுத்து, எல்லை, உச்சம் என்ற பொருளுடையது. சீன ஒலிகளை ஆங்கிலத்தில் எழுதிய பழைய முறையில் இரண்டும் ஏறத்தாழ ஒரே மாதிரி தெரிந்ததால் வந்த குழப்பம் இது.

அந்தப் பழைய முறையை உருவாக்கியவர்கள் இருவர். சீனாவில் பிரிட்டிஷ் தூதராக இருந்த தாமஸ் வேட் 1867-இல் ஒரு முறையை வெளியிட்டார். ஹெர்பர்ட் ஜைல்ஸ் தம் அகராதியில் அதைத் திருத்திச் செம்மைப்படுத்தினார். அவர்கள் முறையில் நம் சொல் சி, எச், ஐ என்ற மூன்று எழுத்துகளால் எழுதப்பட்டது. மூச்சு அழுந்தி வெளிப்படும் ஒலி என்பதைக் காட்ட நடுவில் ஒரு மேற்குறியும் உண்டு. அச்சிட்டவர்கள் அந்தக் குறியை அடிக்கடி விட்டுவிட்டார்கள். குறி போனதும் தாய் ச்சியின் ச்சியும் உயிர்ப்பாற்றலின் ச்சியும் ஒன்றாகிவிட்டன.

1950-களில் சீன அரசு, தன் மொழியை ரோமன் எழுத்தில் எழுதத் தானே ஒரு முறையை வகுக்க முடிவுசெய்தது. பொருளாதார அறிஞராக இருந்த ஜோ யூகுவாங் 1955-இல் அந்தப் பணிக்கு அழைக்கப்பட்டார். அவர் பங்கேற்ற குழு உருவாக்கிய பின்யின் முறை 1958 பிப்ரவரியில் சட்டபூர்வமாக ஏற்கப்பட்டது. மேற்குறிகளையும் கூட்டெழுத்துகளையும் கூடியவரை தவிர்த்து, ரோமன் எழுத்துகளை முழுதாகப் பயன்படுத்துவது அதன் நோக்கங்களில் ஒன்று. சீனத்தில் ‘க்வ’ போன்ற ஒலிகளுக்கு க்யூ தேவைப்படவில்லை. அந்த எழுத்து சும்மா இருந்தது. நாக்கின் முன்பகுதி அண்ணத்தைத் தொட்டு மூச்சோடு வெளிவரும் ‘ச்ச’ ஒலிக்கு அதை ஒதுக்கினார்கள். ஆங்கிலக் கண்ணுக்கு விசித்திரம். சீனக் கணக்கில் சிக்கனம். அன்று முதல் உயிர்ப்பாற்றலுக்கான சொல் க்யூ, ஐ என்று இரண்டே எழுத்தாயிற்று.

1979 ஜனவரி முதல் சீனா தன் அயல்மொழி வெளியீடுகளில் பின்யினைக் கையாண்டது. 1982-இல் அது சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது. பீக்கிங் பெய்ஜிங் ஆனது அந்த அலையில்தான். செய்தித்தாள்கள் மாறின, நூலகப் பட்டியல்கள் மாறின, மெல்ல ஆங்கில அகராதிகளும் மாறின. சீன மருத்துவம் பற்றி ஆங்கிலத்தில் எழுதியவர்கள் புது எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்த, அகராதியில் அதற்கும் ஒரு பதிவு கிடைத்தது. ஸ்கிராபிளை மனத்தில் வைத்து இதில் ஒரு முடிவும் எடுக்கப்படவில்லை. ஜோ யூகுவாங் 111 வயது வரை வாழ்ந்து 2017-இல் மறைந்தார். அவர் பங்கேற்ற எழுத்துச் சீர்திருத்தத்தின் கிளை ஒன்று அதற்கு முன்பே அமெரிக்க ஆட்டப் பலகைகளை எட்டியிருந்தது.

இந்தச் சொல் எந்தக் கஷ்டத்தைத் தீர்த்தது என்று புரிய, ஆங்கிலத்தில் க்யூவின் நிலையைப் பார்க்க வேண்டும். லத்தீனின் ஆரம்ப காலத்தில் ‘க’ ஒலிக்கு மூன்று எழுத்துகள் இருந்தன: ஏ-க்கு முன் கே, இ, ஐ இரண்டுக்கும் முன் சி, ஓ, யூ இரண்டுக்கும் முன் க்யூ. காலப்போக்கில் சி பெரும்பாலான இடங்களைப் பிடித்துக்கொள்ள, க்யூ யூவோடு மட்டும் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்தில் அரசியைக் குறிக்கும் சொல் ஒரு காலத்தில் சி, டபிள்யூ என்றுதான் தொடங்கியது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின், பிரெஞ்சு வழக்கில் பழகிய எழுத்தர்கள் அதைக் க்யூ, யூ என்று மாற்றினார்கள். அன்றிலிருந்து ஆங்கிலச் சொற்களில் க்யூ வந்தால் பின்னால் யூ வரும் என்பது பள்ளிக் குழந்தைகளுக்கும் தெரிந்த விதி.

ஆல்ஃப்ரெட் மோஷர் பட்ஸ் இந்த விதியை எண்ணிக்கையாகவே அறிந்தவர். நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர்; 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலை இழந்தவர். வேலையில்லாத அந்த நாட்களில் ஒரு சொல்லாட்டத்தை உருவாக்க முனைந்தார். நியூயார்க் டைம்ஸ் முதலான பத்திரிகைகளின் பக்கங்களை எடுத்து, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி எண்ணிக் குறித்துக்கொண்டார். அந்தக் கணக்குதான் இன்றும் ஸ்கிராபிள் பெட்டிக்குள் இருப்பது: 100 காய்கள், இ பன்னிரண்டு, ஏ ஒன்பது, ஐ ஒன்பது, யூ நான்கு, க்யூ ஒன்றே ஒன்று, எழுத்தில்லாத வெற்றுக் காய்கள் இரண்டு. அடிக்கடி வரும் எழுத்துக்கு 1 புள்ளி, அரிய எழுத்துக்கு அதிகம். க்யூவுக்கும் இசட்டுக்கும் உச்சமான 10. எஸ் மட்டும் கணக்குக்கு மாறாக நான்கோடு நிறுத்தப்பட்டது. எல்லாச் சொல்லோடும் எஸ் சேர்த்துப் பன்மையாக்கி எளிதில் புள்ளி எடுத்துவிடக் கூடாது என்பதற்காக. 1948-இல் ஜேம்ஸ் புருனோட் என்பவர் உரிமை பெற்று ஆட்டத்துக்கு ஸ்கிராபிள் என்று பெயரிட்டார். 1949-இல் 2,400 பெட்டிகள் செய்து 450 டாலர் நஷ்டப்பட்டார். 1952-இல் நியூயார்க்கின் மேசிஸ் கடையிலிருந்து பெரிய ஆர்டர் வந்த பிறகுதான் ஆட்டம் சூடுபிடித்தது.

பட்ஸின் கணக்கில் க்யூ ஒரு முரண். 10 புள்ளிக்கு ஆசைப்பட்டால், அதை வைக்க யூ வேண்டும்; யூ நான்குதான். அவை பலகையில் வேறு சொற்களில் செலவாகிவிட்டால் க்யூ கையிலேயே தங்கும். ஆட்டம் முடியும்போது கையில் மிஞ்சிய காயின் புள்ளி ஆட்டக்காரரின் கணக்கிலிருந்து கழிக்கப்படும். காய்களை முதலில் தீர்த்தவருக்கு அது கூட்டப்படும். அதாவது சிக்கிய ஒரு க்யூ, இருவர் ஆடும் ஆட்டத்தில் 20 புள்ளி வித்தியாசத்தை உண்டாக்கும். நெருக்கமான ஆட்டங்கள் அதைவிடக் குறைந்த வித்தியாசத்தில் முடிவாவது சகஜம். ஏழு காய்களில் ஒன்று நகராமல் கிடந்தால் மீதி ஆறை வைத்துத்தான் சொல் தேட வேண்டும் என்பது கூடுதல் தொல்லை. ஏழையும் ஒரே முறையில் வைத்தால் கிடைக்கும் 50 புள்ளிப் பரிசும் அப்போது எட்டாது.

க்யூ வெறும் தொல்லை மட்டுமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே நகர்த்தலில் எடுத்த மிகப் பெரிய புள்ளிகளாகப் பேசப்படும் இரண்டிலும் க்யூ இருக்கிறது. 1982-இல் மான்செஸ்டரில் கார்ல் கோஷ்னாவ் ‘கசீக்ஸ்’ என்ற சொல்லால் 392 புள்ளி எடுத்தார். மேற்கிந்தியத் தீவுகளின் பழங்குடித் தலைவர்களைக் குறிக்கும் சொல் அது. 2006-இல் அமெரிக்காவின் லெக்சிங்டன் ஊரில் மைக்கேல் கிரெஸ்டா ‘குவிக்ஸோட்ரி’யால் 365 எடுத்தார். டான் குவிக்ஸோட் கதையிலிருந்து பிறந்த அந்தச் சொல்லுக்கு, கைகூடாத இலட்சியங்களின் பின்னால் ஓடுவது என்று பொருள். இரண்டிலும் க்யூவை அடுத்து யூ உண்டு.

யூ தேவைப்படாத இந்த இரண்டெழுத்துச் சொல் வட அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கு 2006-இல்தான் கிடைத்தது. ஸ்கிராபிளில் எது சொல், எது சொல்லல்ல என்பதை முடிவுசெய்வது சொற்பட்டியல்கள். அமெரிக்காவில் மெரியம்-வெப்ஸ்டர் நிறுவனம் முதல் அதிகாரபூர்வ ஸ்கிராபிள் அகராதியை 1978-இல் வெளியிட்டது. வழக்கிலுள்ள பெரிய அகராதிகளில் சொல் இருக்க வேண்டும். பெரிய எழுத்தில் தொடங்கும் பெயர்ச்சொல்லாக மட்டும் இருக்கக் கூடாது. மேற்குறி, இணைப்புக்கோடு கூடாது. இதுதான் அடிப்படை. வட அமெரிக்காவுக்கு வெளியே பெரும்பாலான ஆங்கிலப் போட்டிகளில் செல்லுபடியாவது காலின்ஸ் பட்டியல். அது இன்னும் பெரியது. 2019-இல் வந்த காலின்ஸ் பதிப்பில் இரண்டெழுத்துச் சொற்கள் 127; 2018-இன் வட அமெரிக்கப் பட்டியலில் 107. க்யூவில் தொடங்கும் இரண்டெழுத்துச் சொல் இரண்டிலும் ஒன்றே.

விதிகளையும் எழுத்துக்கூட்டல் வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு ருசியான கணக்கு கிடைக்கும். தாமஸ் வேட் எழுதிய வடிவம் மேற்குறியோடு பலகையில் ஏற முடியாது. குறியை விட்டுவிட்டால் சி 3, எச் 4, ஐ 1, ஆக 8 புள்ளி. அதே எழுத்துக்கூட்டலில் கிரேக்க எழுத்து ஒன்றின் பெயர் ஏற்கெனவே இருக்கிறது, எனவே சீனச் சொல் புதிதாக எதையும் கொண்டுவந்திருக்காது. ஜப்பானிய வடிவத்தில் கே 5, ஐ 1, ஆக 6. பின்யின் வடிவத்தில் க்யூ 10, ஐ 1, ஆக 11. ஒரே சொல்லுக்கு மூன்று எழுத்துக்கூட்டல், மூன்று விலை. மூன்றும் இன்று பட்டியலில் உள்ளன. பொருளில் வேறுபாடு சொற்பம், புள்ளியில் அதிகம்.

11 என்பதும் ஆரம்ப விலைதான். ஸ்கிராபிளில் இரண்டெழுத்துச் சொற்களின் பலம், ஏற்கெனவே இருக்கும் சொல்லுக்கு இணையாக இன்னொன்றை ஒட்டி வைப்பதில் தெரியும். பலகையில் மழை என்ற பொருளுடைய ‘ரெய்ன்’ கிடைமட்டமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: ஆர், ஏ, ஐ, என். அதன் நேர் மேல் வரிசையில், ஐ-க்கு மேலே க்யூவையும் என்-க்கு மேலே தன் கையிலுள்ள ஐ-யையும் ஒருவர் வைக்கிறார். கிடைமட்டத்தில் க்யூ-ஐ ஒரு சொல். செங்குத்தாகக் க்யூவும் கீழிருக்கும் ஐ-யும் சேர்ந்து மறுபடி க்யூ-ஐ. புதிய ஐ-யும் கீழுள்ள என்-னும் சேர்ந்து ‘இன்’. மூன்றும் செல்லும். எந்தச் சிறப்புக் கட்டமும் இல்லாவிட்டால் 11, 11, 2, ஆக 24 புள்ளி. க்யூ விழும் கட்டம் எழுத்தை மும்மடங்காக்கும் கட்டமாக இருந்தால், க்யூவின் மதிப்பு இரண்டு திசையிலும் 30 ஆகும்: 31, 31, 2, மொத்தம் 64. இரண்டே காய்களால் 64 புள்ளி. ஏழு காயையும் வைத்து 50 புள்ளிப் பரிசு வாங்குபவர்கள் சில நேரம் அந்த அளவுதான் எடுப்பார்கள். அனுபவமுள்ளவர்கள் எதிராளியின் கையில் க்யூ இருக்கக்கூடும் என்று தோன்றினால், மும்மடங்குக் கட்டத்துக்கு அருகில் ஐ-யைத் திறந்து வைக்கத் தயங்குவதற்குக் காரணம் இது.

ஐ ஒன்பது இருப்பது இன்னொரு வசதி. யூ நான்கை நம்பியிருந்த இடத்தில் இப்போது அதைவிட இருமடங்குக்கும் மேல் வாய்ப்பு. அதிகமாகச் சேர்ந்தால் கையை முடக்கும் எழுத்துகளில் ஐ-யும் ஒன்று. அதில் ஒன்றைச் செலவழிக்கவும் இந்தச் சொல் உதவுகிறது. ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு க்யூ தவறாமல் வரும்; அதை வைக்க மிகச் சுலபமான வழி பெரும்பாலும் இதுவே. போட்டிப் பதிவுகளில் இச்சொல் முதலிடம் பிடித்ததன் காரணம் இவ்வளவுதான்.

பொருளுக்குப் பலகையில் வேலையே இல்லை என்று இதைக் கொண்டு முடிவுகட்டிவிடக் கூடாது. சொல் பெயர்ச்சொல்லா, வினைச்சொல்லா என்பதை அகராதி அதன் பொருளைக் கொண்டுதான் தீர்மானிக்கிறது. அதைக் கொண்டுதான் எந்த விகுதி சேரலாம் என்பது தீர்மானமாகிறது. ச்சி பெயர்ச்சொல், ஆகவே எஸ் சேர்த்துப் பன்மையாக்கலாம், அந்த மூன்றெழுத்து வடிவமும் செல்லும். சீனத் தத்துவம் படித்தவருக்கு இது உறுத்தும். சீனத்தில் பன்மை விகுதி இப்படி ஒட்டுவதில்லை. எங்கும் பரவிக் கிடப்பதைப் பல என்று எண்ணுவதற்கும் அங்கே அவசியமில்லை. ஆங்கில இலக்கணம் அதைத் தன் பெயர்ச்சொல்லாக ஏற்றதும் தன் விகுதியைக் கொடுத்துவிட்டது. வினையாக அது பதிவாகவில்லை என்பதால் இறந்தகாலமோ தொடர்வினையோ கிடையாது. பலகையில் ஒரு சொல்லை எவ்வளவு நீட்டலாம் என்பதற்கு வரம்பு கட்டுவது கடைசியில் அகராதி எழுதுபவரின் ஒரு வரிப் பொருள் விளக்கம்தான்.

க்யூவை அடுத்து யூ வராத மற்ற சொற்களும் கிட்டத்தட்ட எல்லாமே வேற்றுமொழி விருந்தாளிகள். பல அரபு வழியானவை: நீதி வழங்கும் காஜி, ஃபக்கீர், தலாக், புர்கா, நிகாப், கவ்வாலி, வக்ஃப். தமிழ்நாட்டில் இவை புழக்கத்திலுள்ள சொற்கள். அரபு மொழியில் தொண்டையின் அடியிலிருந்து எழும் ‘க’ ஒலியை ரோமன் எழுத்தில் காட்டக் க்யூவைக் கையாண்டார்கள். யேமனில் மெல்லப்படும் காத் இலை இன்னொரு சொல். மூன்றெழுத்தாக இருப்பதால் ஆட்டக்காரர்கள் முதலில் கற்பவற்றில் அதுவும் சேரும். ஹீப்ரு எழுத்து ஒன்றின் பெயரான ‘கோஃப்’ பட்டியலில் உண்டு. க்யூ எழுத்தே செமிட்டிக் மொழிகளின் அந்த எழுத்திலிருந்து பிறந்ததுதான். அல்பேனிய நாணயத்தின் பெயர் ஒன்று. தென்னாப்பிரிக்க இசைவகையான ‘ம்பகாங்கா’ ஒன்று; ஜூலு மொழியில் க்யூ நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிக்கான எழுத்து. தட்டச்சுப் பலகையின் முதல் வரிசை எழுத்துகளையே பெயராகக் கொண்ட ‘குவெர்ட்டி’யோ ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு. தொண்டை ஒலி, அண்ண ஒலி, சொடுக்கொலி என்று ஒன்றுக்கொன்று உறவே இல்லாத மூன்று ஒலிகள் ஒரே எழுத்துக்குள் அடைபட்டிருக்கின்றன. ரோமன் எழுத்தில் மிச்சமாகக் கிடந்ததால் ஒவ்வொரு மொழியும் தன் தேவைக்கு அதை எடுத்துக்கொண்டது.

தமிழிலிருந்து போன சொற்களும் இதே கதிக்கு உட்பட்டவைதான். சுருட்டு, ‘செரூட்’ என்று ஏழெழுத்தாக ஆங்கிலத்தில் நிலைத்தது. எழுத்துப் புள்ளி 12 மட்டுமே. ஆனால் ஏழு காயும் ஒரே வீச்சில் தீர்வதால் 50 புள்ளிப் பரிசு சேரும். கட்டுமரம் ஒன்பது எழுத்து. பலகையில் ஏற்கெனவே சில எழுத்துகள் தோதாக அமைந்தால்தான் முடியும். மிளகுத்தண்ணீர் பன்னிரண்டு எழுத்தாக நீண்டுவிட்டதால் அநேகமாகப் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். காலின்ஸ் பட்டியலில் இட்லியும் தோசையும் உண்டு, இரண்டும் நான்கெழுத்து. எந்தத் துறைமுகத்தில் எந்த எழுத்தர் எப்படி எழுதிவைத்தாரோ, அதுவே இந்தச் சொற்களின் ஆட்ட மதிப்பாகிவிட்டது.

பொருள் தெரியாமல் ஆடுவது தவறா என்ற கேள்வி இந்த ஆட்டத்தைச் சுற்றி எப்போதும் எழும். போட்டி விதி பொருளைக் கேட்பதில்லை. எதிராளி சொல்லை எதிர்த்துச் சவால் விட்டால் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாத தாய்லாந்திலிருந்து இரண்டு உலக சாம்பியன்கள் வந்திருக்கிறார்கள்: 2003-இல் பனுபோல் சுஜ்ஜயகோர்ன், 2009-இல் பகோர்ன் நெமித்ரமான்சுக். நியூசிலாந்தில் பிறந்து மலேசியாவில் வாழும் நைஜல் ரிச்சர்ட்ஸ் ஆங்கிலத்தில் உலகப் பட்டம் பலமுறை வென்றவர். பிரெஞ்சு பேசத் தெரியாத நிலையில் அந்த மொழியின் சொற்பட்டியலைச் சில வாரங்களில் மனனம் செய்து 2015-இல் பிரெஞ்சு உலகப் பட்டத்தை வென்றார்; 2024-இல் ஸ்பானியப் பட்டத்தையும் வென்றார். அவருடைய நினைவாற்றல் வியப்புக்குரியது, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் வீட்டில் பிள்ளைகளோடு ஆடும்போது, வைத்த சொல்லின் பொருளை ஒருமுறை அகராதியில் பார்த்துவிடுவது ஆட்டத்தைக் கெடுக்காது. க்யூ-ஐ வைக்கும் பிள்ளை அதன் வழியே அக்குபங்சருக்கும் ஐக்கிடோவுக்கும் போய்வர முடியும். நினைவிலும் சொல் அப்போதுதான் நன்றாகத் தங்கும்.

வீட்டாட்டத்தில் சண்டை வராமலிருக்க, எந்த அகராதி என்பதைத் தொடங்கும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். பழைய பாக்கெட் அகராதிகளில் இந்தச் சொல் இராது. சிலவற்றில் சி, எச் வடிவம் மட்டுமே இருக்கும். காலின்ஸ் ஸ்கிராபிள் பட்டியலை வைத்துக்கொண்டால் விவாதமே எழாது.

கையில் க்யூ வந்ததும் செய்ய வேண்டிய கணக்கு எளிது. பலகையில் எத்தனை ஐ விழுந்திருக்கிறது, இன்னும் எத்தனை வெளியே இருக்கிறது, கிடக்கும் ஐ-களில் எதன் மேலோ இடப்பக்கமோ கட்டம் காலியாக இருக்கிறது என்று பார்ப்பது. ஓர் இடமாவது திறந்திருந்தால், நல்ல மும்மடங்குக் கட்டத்துக்காக ஓரிரு சுற்றுகள் பொறுக்கலாம். அதற்கு மேல் காத்திருப்பது பெரும்பாலும் நஷ்டம், க்யூ இருக்கும்வரை கை ஆறு காயாகவே சுருங்கியிருக்கும். எந்த ஐ-யும் எட்டாத நிலையில் காயை மாற்றிக்கொள்ளலாம்; ஆனால் பையில் குறைந்தது ஏழு காய் இருக்கும்போதுதான் மாற்ற விதி அனுமதிக்கிறது. எனவே அந்த முடிவைப் பை மெலிவதற்கு முன்பே எடுக்க வேண்டும். அந்த வாய்ப்பும் தவறி, கையில் வெற்றுக் காய் ஒன்று இருந்தால் அதை ஐ-யாக்கிக் க்யூவோடு வைக்கலாம். வெற்றுக் காய்க்குப் புள்ளி கிடையாது என்பதால் சொல்லுக்கு 10 மட்டுமே கிடைக்கும். ஆட்டத்தின் நடுவில் வெற்றுக் காயை அப்படிச் செலவழிப்பது வீண். அது ஏழெழுத்துச் சொல் ஒன்றை முடித்துத் தரக்கூடிய காய். பை காலியாகி, எதிராளி கையில் ஒன்றிரண்டு காய்களே மிஞ்சியிருக்கும் கடைசிச் சுற்றில் மட்டும் அது தகும்: 10 புள்ளியும் வரும், 20 புள்ளி வித்தியாசமும் தப்பும்.